ஆய்வுக் கட்டுரையின் செலவு யார் கணக்கில் ஏறுகிறது?

சேர்வராயன் மலையின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்னும் சிறுமரம் அம்மலைக்கே உரியது. அதைப் பற்றிச் சேலத்து ஆய்வு மாணவர் ஒருவர் எழுதும் கட்டுரை சந்தா இதழில் வெளிவந்தால், ஏற்காட்டுத் தோட்டக்காரர் அதைப் படிக்கப் பணம் கட்ட வேண்டும். திறந்த அணுகல் இதழில் வெளிவந்தால் அவர் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் மாணவரிடம் வெளியீட்டுக் கட்டணம் கேட்கப்படலாம். திறந்த அணுகலுக்கு வித்திட்ட 2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் அறிக்கையும் வெளியீடு செலவற்றது என்று சொல்லவில்லை. அச்செலவை வாசகரிடம் வாங்காமல் வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும் என்றே சொன்னது.

கட்டுரை எழுதுபவருக்கு இதழ் ஊதியம் தருவதில்லை. அதை மதிப்பிடும் துறை வல்லுநர்களும் பொதுவாக ஊதியமின்றியே உழைக்கிறார்கள். அப்படியானால் செலவு எங்கே வருகிறது? வந்த கட்டுரையில் திருட்டு உண்டா என்று சோதிப்பது, மறுப்பவர் போக இசைவு தரும் மதிப்பீட்டாளர்களைத் தேடிப்பிடிப்பது, மொழியையும் அட்டவணைகளையும் செப்பனிடுவது, கணினி படிக்கத்தக்க எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றுவது, கட்டுரையை இணையத்தில் நிலையாக அடையாளம் காட்டும் டிஓஐ எண் பெறுவது, இதழே நின்றுபோனாலும் கட்டுரை அழியாதபடி காப்பகத்தில் சேர்ப்பது ஆகிய அனைத்துக்கும் ஆட்களும் மென்பொருளும் வேண்டும்.

பலர் கவனிக்காத செலவு, நிராகரிக்கப்படும் கட்டுரைகளுக்கானது. பத்துக் கட்டுரைகளில் ஒன்றை மட்டும் ஏற்கும் இதழ், மற்ற ஒன்பதையும் படித்துப் பார்த்துத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆனால் கட்டணம் கிடைப்பது ஏற்ற ஒன்றிலிருந்தே. காப்பிக் கொட்டையைத் தரம் பிரிக்கும் கூலி, கழித்த கொட்டைக்கும் சேர்த்துத் தேறிய கொட்டையின் விலையில் ஏறுவதைப் போன்றதே இது. ஆனாலும் இந்தக் கணக்கு முழு விலையையும் நியாயப்படுத்திவிடாது. அலெக்சாண்டர் கிராஸ்மன், பியோர்ன் பிரெம்ஸ் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கட்டுரைக்கு ஆகும் செலவு சுமார் 200 டாலருக்கும் குறைவிலிருந்து, பத்தில் ஒன்பதுக்கு மேல் நிராகரிக்கும் புகழ்பெற்ற இதழ்களில் ஏறத்தாழ 1,000 டாலர் வரை செல்கிறது. அதே ஆண்டில் நேச்சர் இதழ் அறிமுகப்படுத்திய திறந்த அணுகல் கட்டணமோ 9,500 யூரோ. இந்த இடைவெளியில் பெரும்பகுதி இதழின் பெயருக்கான விலை என்றே நான் கருதுகிறேன். பதவி உயர்வும் ஆய்வு நிதியும் அந்தப் பெயரைப் பார்த்தே வழங்கப்படும் வரை, விலை செலவை ஒட்டி இறங்கக் காரணமில்லை.

கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கும் முறையில், ஏற்கும் கட்டுரை ஒவ்வொன்றும் வருமானமாகிறது. மதிப்பீடு என்ற பெயரளவுச் சடங்கோடு பணம் பறிக்கும் போலி இதழ்கள் பெருகியதற்கு இது முக்கியக் காரணம். பெரிய பதிப்பகங்கள் ஏழை நாடுகளுக்குத் தரும் கட்டண விலக்கும் பெரும்பாலும் இந்தியாவுக்குக் கிடைப்பதில்லை.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை மூன்று ஆண்டுகளுக்கு மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இது பெரும் உதவி. ஏற்காட்டுத் தோட்டக்காரருக்கோ கதவு மூடியே இருக்கிறது. அவருக்குப் பயன்படக்கூடியது வேறொரு வழி: மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட, ஆனால் பதிப்பகம் இன்னும் பக்க வடிவமைக்காத தம் பிரதியை, யாரும் இலவசமாகப் படிக்கும்படி மாணவரே தம் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இடுவது. பல இதழ்கள் சில மாதக் காத்திருப்புக்குப்பின் இதற்கு இடம் தருகின்றன. இதற்கு மாணவர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.