லைசென்ஸ் காலாவதியான பிறகு முப்பது நாள் சலுகை என்று ஒன்று கிடையாது

மறுபடியும் அதே வழக்குக் கட்டு. ஒரு குட்டியானை வண்டி. சொந்தக்காரர் ஒருவர், ஓட்டியவர் இன்னொருவர். சைக்கிளில் வந்தவருக்குத் தொடை எலும்பு முறிவு. இன்சூரன்ஸ் இருக்கிறது, எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) இருக்கிறது, பெர்மிட் இருக்கிறது. ஓட்டுநரின் லைசென்ஸ் மட்டும் விபத்துக்குப் பதினேழு நாள் முன்பு காலாவதி ஆகியிருக்கிறது. இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கட்டிவிட்டு, அந்தத் தொகையை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அடுத்து கம்பெனி இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) போடும், ஜப்திக்கு வரும். இந்த நிலையில் வந்து நிற்கிற சொந்தக்காரர் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "முப்பது நாள் டைம் உண்டே சார்?"

இல்லை. 2019 ஆகஸ்ட் 31 வரை இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 14-ஆம் பிரிவில், காலாவதியான பின்னும் லைசென்ஸ் முப்பது நாள் செல்லும் என்று ஒரு வரி இருந்தது. 2019 திருத்தச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் டிரைவிங் ஸ்கூலிலும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பாரம் நிரப்பிக் கொடுப்பவரிடமும், லாரி ஷெட்டிலும் முப்பது நாள் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைவிட ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு. "இப்போ ஒரு வருஷம் டைம் கொடுத்திருக்காங்க" என்பது அது. ஒரு வருஷம் கொடுத்திருப்பது உண்மை. எதற்குக் கொடுத்தார்கள் என்பதைத்தான் யாரும் படிப்பதில்லை. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்து, காலாவதியாகி ஒரு வருடம் வரை, மறுபடி தேர்வுக்குப் போகாமல் புதுப்பிக்க விண்ணப்பம் போடலாம். அவ்வளவுதான். அந்த ஒரு வருடம் விண்ணப்பம் போடுவதற்கு. வண்டி ஓட்டுவதற்கு அல்ல. ஒரு வருடம் தாண்டினால் மறுபடியும் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டவேண்டும்.

தேதி போட்டே சொல்கிறேன். லைசென்ஸ் மார்ச் 10-ஆம் தேதியோடு முடிகிறது. ஏப்ரல் 2-ஆம் தேதி புதுப்பித்துவிட்டார். புது அட்டையும் வந்துவிட்டது. விபத்து நடந்தது மார்ச் 25. அன்று அவரிடம் லைசென்ஸ் இருந்ததா? இல்லை. காலாவதிக்குப் பிறகு விண்ணப்பித்தால் புதுப்பித்த நாளிலிருந்துதான் லைசென்ஸுக்கு உயிர் வரும், பின்னோக்கிப் போய் ஒட்டிக்கொள்ளாது. மார்ச் 11 முதல் ஏப்ரல் 1 வரை அவர் சட்டத்தின் கண்ணில் லைசென்ஸ் இல்லாதவர். 2025-ல் தெலங்கானா காவல் துறை ஓட்டுநர் பணித் தேர்வு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது: பிறகு புதுப்பித்தாலும் நடுவில் விழுந்த இடைவெளி இடைவெளிதான். விபத்து நடந்த மறுநாள் ஓடிப்போய் புதுப்பித்துவிட்டு, "இதோ லைசென்ஸ்" என்று காட்டுகிறவர்களுக்கும் இதுதான் பதில். அட்டையை இன்சூரன்ஸ் வக்கீல் பார்க்கவே மாட்டார். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து எக்ஸ்ட்ராக்ட் (லைசென்ஸ் பதிவின் சான்றிட்ட நகல்) வாங்கி, கோர்ட்டில் ஆவணமாக மார்க் செய்வார். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அதில் தெரியும்.

(கொரோனா காலத்து நீட்டிப்பு தனிக் கதை. 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு முடிந்த லைசென்ஸ்களை 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்று மத்திய அரசு நீட்டித்தது. அந்த இடைவெளிக்குள் நடந்த விபத்து வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால், கவுன்ட்டரில் (எதிர் மனுவில்) இதை எடுத்துச் சொல்ல மறக்கவேண்டாம். வக்கீல்களே விட்டுவிடுகிறார்கள்.)

சரி, யாருக்கெல்லாம் இப்படித் தெரியாமல் முடிந்துபோகிறது? பெரும்பாலும் நாற்பத்தொன்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்கு. 2019-க்கு முன்பு எடுத்த சாதாரண லைசென்ஸின் ஆயுள் இருபது வருடம், அல்லது ஐம்பது வயது முடியும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அது. மக்கள் மனதில் "இருபது வருஷம்" மட்டும் தங்கிவிட்டது. 1975-ல் பிறந்தவர் 2010-ல் லைசென்ஸ் எடுத்திருந்தால் 2030 வரை கவலையில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அது 2025 பிறந்தநாளோடு முடிந்துவிட்டது. இப்போதைய கணக்கு வேறு: முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வயது வரை, முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்றால் பத்து வருடம், ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் என்றால் அறுபது வயது வரை, அதற்கு மேல் ஐந்தைந்து வருடம். நாற்பதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் பாரம் 1ஏ-யில் சான்று வாங்கவேண்டும். அந்த வயதுக்குக் கீழே, சாதாரண லைசென்ஸுக்குப் பாரம் 1-ல் சுய உறுதிமொழி போதும்.

அடுத்த குழப்பம் டிரைவர் வேலை செய்கிறவர்களுடையது. அவர்கள் லைசென்ஸில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று நான்-டிரான்ஸ்போர்ட் (சொந்த உபயோக வண்டி), இன்னொன்று டிரான்ஸ்போர்ட் (வாடகை, சரக்கு வண்டி). டிரான்ஸ்போர்ட் ஐந்து வருடம்தான், முன்பு மூன்று வருடமாக இருந்தது. "அட்டையில 2034 போட்டிருக்கே" என்பார்கள். அது சொந்தக் காருக்கான தேதி. லாரிக்கான தேதி இரண்டு வருடம் முன்பே முடிந்திருக்கும். இதில் ஒரே ஒரு ஆறுதல் உண்டு. மொத்த எடை 7500 கிலோவைத் தாண்டாத சரக்கு, பயணிகள் வண்டிகளை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் தனி டிரான்ஸ்போர்ட் அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6-ஆம் தேதி ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. ஆகவே சின்ன வண்டி என்றால், நான்-டிரான்ஸ்போர்ட் தேதி உயிரோடு இருக்கும்வரை வாதாட வழி இருக்கிறது. 7500 கிலோவைத் தாண்டிய வண்டி என்றால் வழியில்லை. அதற்காக, சின்ன வண்டிக்காரர்கள் டிரான்ஸ்போர்ட் தேதியைப் புதுப்பிக்காமல் விடலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளவேண்டாம். வாதாட இடம் இருக்கிறது என்பதும் வழக்கே வராமல் இருப்பதும் ஒன்றல்ல.

உங்கள் லைசென்ஸ் நிலவரத்தைப் பார்க்க யாருக்கும் காசு கொடுக்கவேண்டாம். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் லைசென்ஸ் விவரம் பார்க்கும் பகுதியில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் போதும். திரையில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும் நிலை, நான்-டிரான்ஸ்போர்ட் முதல்-வரை தேதிகள், டிரான்ஸ்போர்ட் முதல்-வரை தேதிகள், கடைசியில் எந்தெந்த வகை வண்டிக்கு எந்தத் தேதியில் அனுமதி என்ற பட்டியல். கியர் வண்டி லைசென்ஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவருக்குப் பட்டியலில் கியர் இல்லாத வண்டி மட்டும் இருப்பதும் உண்டு.

எண்ணைப் போட்டும் எதுவும் வரவில்லையா? எண்ணைச் சரியாகப் போடுங்கள். மாநிலம், அலுவலகக் குறியீடு, நான்கு இலக்க ஆண்டு, ஏழு இலக்க எண் என்று மொத்தம் பதினைந்து எழுத்து வரவேண்டும். பழைய அட்டையில் 1234/1998 என்று இருந்தால் முன்னால் சுழியங்கள் சேர்த்து 0001234 ஆக்கவேண்டும். அப்படியும் வரவில்லை என்றால், பழைய புத்தக லைசென்ஸ் இன்னும் சாரதி என்ற அரசின் லைசென்ஸ் கணினிப் பதிவில் ஏறவில்லை என்று பொருள். லைசென்ஸ் கொடுத்த அதே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அசலோடு போய் பேக்லாக் என்ட்ரி (பழைய லைசென்ஸைக் கணினியில் ஏற்றுவது) போடச் சொல்லவேண்டும். அதைச் செய்யாமல் புதுப்பிக்கவும் முடியாது, நகலும் கிடைக்காது. அசல் தொலைவதற்கு முன்னால் செய்துகொள்ளுங்கள்.

திரையில் பார்ப்பது உங்கள் தெரிதலுக்கு. கோர்ட்டுக்கோ, வேலைக்கோ, வெளிநாட்டு லைசென்ஸ் மாற்றத்துக்கோ வேண்டும் என்றால் எக்ஸ்ட்ராக்ட்தான் வாங்கவேண்டும். அதே தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகளுக்குள் போனால் புதுப்பித்தல், நகல், முகவரி மாற்றம் இவற்றோடு டி.எல். எக்ஸ்ட்ராக்டும் பட்டியலில் இருக்கும். கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். உங்களுடையதை மட்டும்தான் இப்படி வாங்க முடியும். எதிர்த்தரப்பு ஓட்டுநருடையது வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டாம், தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவேட்டோடு சாட்சியை அழைப்பதுதான் நேர்வழி.

சலான் நிலுவையைப் பலர் வண்டி எண்ணை வைத்து மட்டும் பார்க்கிறார்கள். இ-சலான் தளத்தில் லைசென்ஸ் எண்ணை வைத்தும் தேடலாம். கம்பெனி வண்டி, நண்பர் வண்டி ஓட்டும்போது உங்கள் லைசென்ஸ் மீது போட்டது அதில்தான் தெரியும். இது வெறும் அபராதக் கணக்கில்லை. ஹெல்மெட் போடாமல் ஓட்டினால் 194டி பிரிவில் 1000 ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதிநீக்கமும் சட்டத்திலேயே இருக்கிறது. சஸ்பெண்ட் ஆன காலத்தில் ஓட்டினால் 182-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தக் காலத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் விஷயத்தில் லைசென்ஸே இல்லாதவர் போலத்தான்.

தகுதிநீக்கத்துக்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். எந்த முகவரிக்கு? லைசென்ஸில் இருக்கும் முகவரிக்கு. கல்லூரி நாளில் விடுதி முகவரியில் எடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் கழித்து "எனக்கு நோட்டீஸே வரவில்லை" என்றால் யார் கேட்பார்கள்? உத்தரவு வந்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். அந்த நாளும் உத்தரவு பழைய வீட்டுக் கதவிடுக்கில் கிடக்கும்போதே ஓடிவிடும். முகவரியையும் கைப்பேசி எண்ணையும் இன்றைக்கே மாற்றுங்கள். போலீஸ் அசல் லைசென்ஸை எடுத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். ஆனால் ஹெல்மெட் போடாதது போன்ற குற்றத்துக்காகத் தகுதிநீக்கம் செய்ய எடுத்திருந்தால், லைசென்ஸ் திரும்பி வரும்வரை ஓட்ட அந்தச் சீட்டு அனுமதி ஆகாது.

வண்டிச் சொந்தக்காரர்களுக்கு: டிரைவரை வேலைக்கு வைக்கும் நாளில் லைசென்ஸைப் பார்த்ததோடு உங்கள் கடமை முடிவதில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போய் அது போலியா என்று விசாரிக்கும் பொறுப்பு சாதாரணமாக உங்களுக்கு இல்லை என்று 2013-ல் பெப்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தேதி முடிந்ததா, புதுப்பித்தாரா என்று பார்ப்பது உங்கள் வேலை என்று 2020-ல் பேலி ராம் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் மூன்று வருடம் புதுப்பிக்காமல் ஓட்டியிருந்தார்கள். கேட்பதற்கு அதிகமாகத் தெரியும். கட்டுகளைப் புரட்டினால் ஒன்றும் அதிகமில்லை. டிரைவர் லைசென்ஸ் முடியும் தேதியை வண்டியின் இன்சூரன்ஸ், எப்.சி. தேதிகளோடு ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள். புதுப்பிக்கும் கட்டணத்தை நீங்களே கட்டிவிடுங்கள். மத்திய விதிப்படி அது 200 ரூபாய், அதன் மேல் சேவைக் கட்டணங்கள்.

இருசக்கர வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், இதைக் கோபமாகச் சொல்ல மனம் வரவில்லை. வண்டி இன்சூரன்ஸோடு நீங்கள் கட்டும் சொந்தக்காரர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். நீங்கள் இறந்தால் உங்கள் வீட்டுக்குப் போகவேண்டிய பணம். விபத்தன்று செல்லுபடியாகும் லைசென்ஸ் உங்களிடம் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. மற்றவருக்கு அடிபட்ட வழக்கில் "முதலில் கட்டு, பிறகு வசூலி" என்று தீர்ப்பாயம் பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றும். இந்தப் பணத்தில் அப்படிக் காப்பாற்ற யாருக்கும் வழியில்லை, கம்பெனி நேராக மறுத்துவிடும். வீட்டில் ஐம்பதைத் தொடுகிற அப்பாவோ, அண்ணனோ, பெரியப்பாவோ பைக் ஓட்டுகிறவராக இருந்தால், அவர் பர்ஸில் இருக்கும் அட்டையை வாங்கித் தேதியை நீங்களே ஒருமுறை பாருங்கள்.

விபத்து நடந்தே விட்டது, தேதியும் முடிந்திருக்கிறது என்றால் மறைக்காதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் விதிகளின்படி விசாரணை அதிகாரி ஓட்டுநரிடமும் சொந்தக்காரரிடமும் தனித்தனிப் பாரம் வாங்கி, லைசென்ஸைச் சரிபார்த்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புகிறார். வேறொருவர் ஓட்டியதாக மாற்றிச் சொல்வதும், தேதியைத் திருத்திய நகலைக் கொடுப்பதும் பண வழக்கைக் குற்ற வழக்காக்கும். வக்கீலைப் பார்க்கும் முதல் நாளே லைசென்ஸ் முடிந்த தேதி, புதுப்பித்த தேதி, விபத்துத் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். புதுப்பிக்கச் சொல்லி நீங்கள் டிரைவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் அதையும் அழிக்காமல் கொண்டுவாருங்கள்.