பெரிய கோயிலின் நிழல் தரையில் விழும்

தொடக்கப் பள்ளிகளுக்கான ஒரு கண்காட்சியில் நடுவராக இருந்தேன். தெர்மாகோலில் செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் அருகே நின்ற ஐந்தாம் வகுப்பு மாணவி, இந்த விமானத்தின் (கருவறை மேலுள்ள கோபுரத்தின்) நிழல் தரையில் விழாது என்றும் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கோயிலுக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டேன். பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கிறாளாம், அதுவும் மாலை நேரத்தில். அப்போது நிழல் எங்கே இருந்தது என்று நான் கேட்பதற்குள் அவளுடைய ஆசிரியர் குறுக்கிட்டு, "சின்னப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால்தான் சார் ஆர்வம் வரும்" என்றார். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நிழல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். விமானம் 200 அடிக்கும் மேற்பட்ட உயரமுடையது. காலையிலும் மாலையிலும் அதன் நிழல் திருச்சுற்றின் தரையில் நீண்டு கிடக்கிறது. வெயிலுக்கு ஒதுங்கும் பயணிகள் அதில்தான் உட்காருகிறார்கள். சூரியன் நேர் உச்சிக்கு வரும் ஓரிரு நாட்களின் நண்பகலில் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்குவது உண்மைதான். ஆனால் அந்தப் பெருமை உங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்துக்கும் உண்டு. உச்சிக் கல்லும் பல கற்களை இணைத்துச் செய்யப்பட்டது என்றே அதை நேரில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

"இப்போதைக்குக் கதையாகச் சொல்லிவைப்போம், உண்மையைப் பெரிய வகுப்பில் தெரிந்துகொள்வார்கள்" என்ற நம்பிக்கைதான் தொடக்கப் பள்ளி வரலாற்றுப் பாடத்தைக் கெடுக்கும் முதல் காரணம். பெரிய வகுப்பில் யாரும் இதைத் திருத்துவதில்லை. அங்கே பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் இருக்கிறது. எட்டு வயதில் ஏறிய கதை அப்படியே தங்கி, நாற்பது வயதில் வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பப்படுகிறது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அந்தச் சிறுமி நிழலைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்த பிறகும், எழுதிக் கொடுத்த வாக்கியத்தையே நம்பியிருக்கிறாள். தகவலில் ஒரு பிழை என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. தன் கண்ணை நம்ப வேண்டாம் என்பதை அவள் பள்ளியில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இத்தனைக்கும் உண்மைக்குச் சுவை குறைவில்லை. 1010இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோயிலின் கல்வெட்டு, "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று, கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டச் சொன்ன அரசனின் ஆணையோடு தொடங்குகிறது. கோயிலில் பணியாற்ற வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் (கலம் என்பது பழைய தானிய அளவு) நெல் என்பது வரை அங்கே பதிவாகியிருக்கிறது. நம் வகுப்பு வருகைப் பதிவேடு போன்ற ஒன்று ஆயிரம் ஆண்டுகளாகச் சுவரில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் கொட்டாவி விடாது.

மாறுவேடப் போட்டிக் கட்டபொம்மனுக்கும் இதே கதிதான். வரி கேட்ட துரையிடம் பிள்ளைகள் முழங்குவது 1959இல் வந்த திரைப்படத்தின் வசனம். முழங்கட்டும், நானும் கைதட்டுகிறேன். முழங்கி இறங்கிய பிறகு, ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் 1798இல் இராமநாதபுரத்தில் சந்தித்தது நடந்த செய்தி, இந்த வசனம் பிற்காலத்தில் ஒருவர் எழுதியது என்று இரண்டு வாக்கியம் சொல்வதில் யாருக்கும் நட்டமில்லை.

ஆண்டுகளைப் பற்றியும் ஒரு சொல். எட்டு, ஒன்பது வயதில் 1010, 1799, 1947 ஆகிய மூன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெறும் பெரிய எண்கள்தான். கட்டபொம்மனும் காந்தியும் நண்பர்களா என்று அவர்கள் கேட்பது அதனால்தான். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு நீளமான சணல் கயிற்றை எடுத்து, ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளந்து முடிச்சுப் போடச் சொல்லுங்கள். பிள்ளையின் வயது 9 செ.மீ., பாட்டியின் வயது 65 செ.மீ., நாட்டின் விடுதலை பாட்டியின் முடிச்சைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது இரண்டேகால் மீட்டரில். பெரிய கோயிலுக்குப் பத்து மீட்டர் வேண்டும். 2019இல் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை கி.மு. 6ஆம் நூற்றாண்டு எனக் கணித்த கீழடிக்கு 26 மீட்டர் ஆகும். கயிறு வகுப்பறையைத் தாண்டித் தாழ்வாரம் வழியாக மைதானத்துக்குப் போய்விடும். கயிற்றின் அந்த முனையைப் பிடிக்க ஓடிய பிள்ளைக்குப் பழங்காலம் எவ்வளவு தொலைவு என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர்க் குடவோலை முறையை "இன்றைய தேர்தல் அன்றே நம்மிடம் இருந்தது" என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்த முறையைச் சொல்பவை சோழ மன்னன் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி என்று தகுதிகள் விதிக்கப்பட்டிருந்தன. அது பிராமணர் ஊரின் சபை. "என் தாத்தா நின்றிருக்க முடியுமா? என் அம்மா?" என்று பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது எதுவும் அறியாத ஒரு சிறுவன் என்பதும் அதே கல்வெட்டில்தான் உள்ளது. பெரியவர்களை விட்டுவிட்டு ஏன் ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். நான்காம் வகுப்பே அதற்கு நல்ல விடைகள் தரும்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபின் மொழிக்கும் கணக்குக்கும் போக மிஞ்சும் நேரம் குறைவு என்பதை அறிவேன். குறைந்த நேரம் என்பதாலேயே அதை ஒப்புவிப்பதில் செலவிட வேண்டாம் என்கிறேன். வாரம் ஒரு முறையாவது "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அருங்காட்சியகத்தில் பெயர்ப் பலகைகளைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லாதீர்கள். ஒரு பானை ஓட்டின் முன் பத்து நிமிடம் நிற்க விடுங்கள். போட்டிகளில் நடுவராக அமர்பவர்கள், உரக்கப் பேசியதற்காக மட்டும் பரிசளிக்காதீர்கள்.

தலைமையாசிரியர்களே, உங்கள் பீரோவில் இருக்கும் பழைய சேர்க்கை நீக்கப் பதிவேடு ஓர் அசல் ஆவணம். பிள்ளைகளின் தாத்தாக்கள் அதில் இருக்கிறார்கள். ஐப்பசிப் புயலில் பிறந்ததாக வீட்டில் சொல்லும் தாத்தாவுக்கு அதில் ஜூன் மாதத்தில் பிறந்த நாள் எழுதப்பட்டிருக்கும். ஏன் என்று ஆசிரியர் எல்லோருக்கும் தெரியும்: பள்ளியில் சேர்க்கத் தேவையான வயதுக்கு ஏற்ப ஒரு தேதியை எழுதிக்கொண்டார்கள். எழுதி வைத்ததும் தவறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் பதிவேட்டைப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். சாதியைக் குறிக்கும் பத்தி அதில் இருக்கிறது. பெயரையும் தேதியையும் நீங்களே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். குடும்ப மரம் வரையச் சொல்லும்போதும் கவனம் தேவை. தந்தை இல்லாத பிள்ளையை வகுப்பின் நடுவே நிறுத்திவிடாமல், பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியவர் என யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று: ஜெராக்ஸ் கடையில் 'சோழர் புராஜெக்ட்' என்று சொல்லி வண்ண அச்சில் எடுத்துக் கொடுத்தனுப்பாதீர்கள். அதை நாங்கள் திருத்துவதுமில்லை, பிள்ளை படிப்பதுமில்லை. உங்கள் தெருவுக்கு மின்சாரம் எப்போது வந்தது என்று நான்கு வீட்டில் கேட்டு, நான்கு பதிலையும் கோணல் எழுத்தில் அவனே எழுதி வரட்டும்; நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.