கிளஸ்டர்: கொத்து

பல கணினிகளைப் பிணையத்தால் இணைத்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கணினி போலத் தோன்றும்படி இயக்கும் அமைப்பை ஆங்கிலத்தில் கிளஸ்டர் என்கிறார்கள். பிறர் கணினிகளை இணையம்வழி வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தும் மேகக் கணிமையைச் சொந்தச் செலவில் கற்கத் தொடங்கும் மாணவர் முதல் வாரத்திலேயே இச்சொல்லைச் சந்தித்துவிடுவார். தமிழில் இதற்குத் திரள், தொகுதி, குழுமம், கொத்தணி, கொத்து என ஐந்தாறு சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் கொத்து என்பதே பொருத்தமானது என்று கருதுகிறேன்.

ஆங்கிலச் சொல் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் அது திராட்சைக் குலை போல ஒரே இடத்தில் சேர்ந்து காய்த்தவற்றைக் குறித்தது. உறைந்த கட்டியைக் குறிக்கும் ‘கிளாட்’ என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்பர். ஆனால் உறைந்த கட்டியில் உறுப்புகள் தனித்தனியே நிற்பதில்லை, குலையில் நிற்கும். கணினித் துறை எடுத்துக்கொண்டது குலையின் பொருளையே.

தமிழில் கறிவேப்பிலையும் சாவியும் பூவும் கொத்தாகவே வருகின்றன. போர்ச் செய்திகள் கொத்துக் குண்டு என்ற தொடரைப் பழக்கின. கொரோனாக் காலத்தில் இலங்கை ஊடகங்கள் நோய்த்தொற்றுக் கூட்டங்களைக் கொத்தணி என்று எழுதின. குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்த நிலையைக் குறிக்கும் கொத்தடிமை என்ற சொல்லிலும் இதே கொத்துதான் இருக்கிறது. பண்ணையாள் முறையை அறிந்த தஞ்சை மண்ணில் அந்தக் கசப்பை மறந்துவிட்டு இச்சொல்லைக் கையாள முடியாது. இருப்பினும், இத்தனை வழக்குகளிலும் ஒரு பொது இயல்பு தெரிகிறது. கொத்துக்கு ஒரு பிடிப்பு உண்டு, அது காம்பாகவோ வளையமாகவோ இருக்கலாம். களத்தில் குவிந்த நெல்லை அம்பாரம் என்போம், கொத்து என்று ஒருவரும் சொல்லார். திரள் என்ற சொல்லிலும் அந்தப் பிடிப்பு இல்லாததால் அதை நான் ஏற்கவில்லை.

திருவையாற்றுப் பக்கத்து வாழைத் தோட்டம் ஒன்றில் நின்று பார்த்தால் இது கண்கூடாக விளங்கும். தென்மாவட்டத்தார் குலை என்பதை நாம் தார் என்கிறோம். தாரில் சீப்புகள், சீப்பில் பழங்கள், எல்லாவற்றையும் தாங்குவது நடுவே ஓடும் தண்டு. கிளஸ்டரின் அமைப்பும் இப்படிப்பட்டதே. அதன் உறுப்பாக நிற்கும் ஒவ்வொரு கணினிக்கும் நோடு என்று பெயர். முடிச்சு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த இதற்குக் கணு என்ற மொழிபெயர்ப்பு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. கணுவுக்குள் இயங்குவது பாட். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னர் ஈர வயலில் உளுந்தையும் பயறையும் தெளிக்கும் நம் பகுதியினருக்கு, அதற்கு நெற்று என்ற சொல்லைப் பரிந்துரைக்கத் தயக்கம் தேவையில்லை. ஒரு நெற்றுக்குள் மணிகள் இருப்பதுபோல, ஒரு பாட் என்பதனுள் ஒன்றோ பலவோ கொள்கலன்கள் (செயலியையும் அது இயங்க வேண்டியவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதிகள்) இருக்கும். அவை அனைத்தும் ஒரே ஐ.பி. முகவரியைப் பகிர்ந்துகொள்ளும்.

தண்டின் வேலையைச் செய்யும் கட்டுப்பாட்டுப் பகுதியை நமக்கு அளிக்கும் மென்பொருள்களுள் பெயர்பெற்றது, கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ். கிரேக்கத்தில் அச்சொல்லுக்குக் கப்பலைச் செலுத்துபவன் என்று பொருள். மாடத்து விளக்கொளியைக் கண்டு வங்கத்தை, அதாவது கப்பலை, துறைக்குச் செலுத்தும் அவனை அகநானூற்று 255ஆம் பாட்டு நீகான் என்கிறது. பிற்காலத்தார் மீகாமன் என்றனர். (இன்று நாம் தூய தமிழ் என நினைத்துச் சொல்லும் சுக்கான், அரபியிலிருந்து வந்தது.) சீப்பு ஒன்றை வெட்டினாலும் மற்றச் சீப்புகள் தாரில் நிற்கும்; தண்டே அறுபட்டாலும் பழங்கள் அந்தக் கணமே அழுகிவிடுவதில்லை. கட்டுப்பாட்டுப் பகுதி நின்றுபோனாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நெற்றுகள் அவ்வாறே ஓடிக்கொண்டிருக்கும். புதியவற்றை இடம்பார்த்து வைக்கத்தான் ஆளிராது. ஒரு கணு மறுமொழி தராமல் போனால், இயல்பமைப்பில் 5 நிமிடம் பொறுத்திருந்து, அதிலிருந்தவற்றுக்கு மாற்றாக வேறு கணுவில் புதியவற்றை உருவாக்கும் வேலையைக் குபர்நெட்டிஸ் தொடங்கும். வாழைக்கு அந்தத் திறமை இல்லை என்பதால் உவமை இங்கே நின்றுவிடுகிறது.

சொல்லின் பொருள் இப்படித் தெளிந்துவிட்டால் செலவுக் கணக்கும் தெளிந்துவிடும். பெருநிறுவனங்கள் சிலவற்றின் மேகத்தில் தண்டுக்குத் தனி வாடகை கேட்கிறார்கள். அமேசானின் ஈ.கே.எஸ். என்னும் குபர்நெட்டிஸ் சேவையில் அது மணிக்கு 0.10 டாலர், அதாவது 30 நாளுக்கு 72 டாலர். கணுக்களுக்கான கட்டணம் இதற்கு மேல். கற்பவருக்கு இது வேண்டாத செலவு. சிறிய மெய்நிகர்க் கணினி ஒன்றை 2 ஜி.பி. நினைவகத்துடன் வாடகைக்கு எடுத்து, அதில் குபர்நெட்டிஸின் கே3எஸ் என்னும் மெலிந்த வடிவத்தை நிறுவினால் போதும். குபர்நெட்டிஸில் வழக்கமாக இடம்பெறும் எட்சிடி தரவுத்தளத்துக்கு மாற்றாக அது இயல்பாகவே எஸ்கியூலைட் என்னும் சிறிய தரவுத்தளத்தைப் பயன்படுத்துவதால் நினைவகச் செலவு குறைகிறது. மேலும், கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கும் அதே கணுவில் நெற்றுகளையும் இயக்க அது தடை சொல்வதில்லை. ஒரே கணு உள்ளதைக் கொத்து எனலாமா என்று கேட்கலாம். தண்டு இருக்கும்வரை ஒற்றைச் சீப்புத் தாரும் தார்தான். இன்னொரு கணினியைப் பின்னர் ஒரே கட்டளையால் சேர்த்துக்கொள்ளலாம். கணு செயலிழந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் காண விரும்பும் நாளில் மட்டும் இரண்டாவதை எடுத்து, மாலையில் விட்டுவிடுவது என் வழக்கம்.

அந்த வழக்கம் ஓர் இழப்பிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் ஆயத்தக் கொத்தை வாங்கி, பயிற்சிச் செயலி ஒன்றை வெளியுலகுக்குத் திறப்பதற்காக வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கிப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சர் வகைச் சேவை ஒன்றை உருவாக்கினேன். அப்படி உருவாக்கும் ஒவ்வொரு சேவைக்கும் நிறுவனம் தனிக் கருவி ஒன்றை ஒதுக்கி, தனியே கட்டணம் கணக்கிடும் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் கொத்தை அழித்துவிட்டேன். தாரை வெட்டியவர் மரத்தையும் வெட்டிச் சாய்ப்பார். நானோ தாரோடு நிறுத்திவிட்டேன். அடுத்த மாதக் கட்டணச் சீட்டில் அந்தக் கருவியும், தரவுக்காக ஒதுக்கிய வட்டு ஒன்றும் நின்றிருந்தன. அவற்றைக் கொத்து என்ற தலைப்பின்கீழ் நெடுநேரம் தேடினேன். ஒன்று பிணையம் என்ற தலைப்பிலும் மற்றொன்று சேமிப்பகம் என்ற தலைப்பிலும் இருந்தன.