இம்பீடன்ஸ்: மின்னெதிர்ப்பு

சிங்கப்பூரின் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தின் ஹை-ஃபை கடைகளில் எந்த ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தாலும், பின்புறம் கம்பி மாட்டும் முனைகளுக்கு அருகே '8 ஓம்' என்றோ '4 ஓம்' என்றோ அச்சிட்டிருக்கும். அந்த எண் குறிப்பதே இம்பீடன்ஸ். ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பு என்பது அதன் பொருள்.

இச்சொல்லை 1886இல் ஆக்கியவர் ஆங்கிலேய அறிஞர் ஆலிவர் ஹெவிசைட். காலைத் தளையிட்டுத் தடுத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையே இதன் வேர்.

தமிழில் இதைப் பலர் 'மின்தடை' என்று எழுதிவிடுகிறார்கள், அது பொருந்தாது. மின்தடை என்பது கம்பிச்சுருளின் நிலையான பண்பு. ஸ்பீக்கரிலோ, சுருளின் தூண்டலும், கூம்பின் அசைவும், ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரின் மின்தேக்கிகளும் சேர்ந்துகொள்வதால், எதிர்ப்பு ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் வேறுபடுகிறது. '8 ஓம்' எனக் குறித்த ஸ்பீக்கர் அடித்தொனியின் ஒத்ததிர்வில் 30 ஓமுக்கு ஏறவும் கூடும். பன்னாட்டுத் தரவிதியின்படி அது 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது என்றாலும், எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. 'மின்மறுப்பு' என்ற சொல்லும் வழங்குகிறது. ஆனால் பாடநூல்கள் அதைத் தூண்டல் மின்மறுப்பு எனப் பகுதி எதிர்ப்புக்கே ஆள்வதால், மொத்தத்தைக் குறிக்க 'மின்னெதிர்ப்பு' என்பதையே நான் தெரிந்தெடுப்பேன்.

8 ஓமா, 4 ஓமா என்ற வேறுபாடு வாங்குபவரின் பணத்தைத் தொடுகிறது. 20 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் மிதமான ஒலியில் வீணையும் வாய்ப்பாட்டும் கேட்பவருக்கு இது பெரிதில்லை. அதே வீட்டில் மகன் தவிலும் நாகசுரமும், மகள் திரைப்பாடலின் கனத்த பேஸும் உரக்கக் கேட்பார்களானால், ஒவ்வோர் அடியும் கணப்பொழுதில் பெருமளவு மின்னோட்டத்தைக் கேட்கும். சிறிய ஆம்ப்ளிஃபயர் சூடேறி ஒலியைச் சிதைக்கும், அல்லது பாதுகாப்புச் சுற்று அதை அணைத்துவிடும். ஆகவே ரசனை பலவாக இருக்கும் வீட்டில், மிகக் கடுமையாக உழைக்க வைக்கும் இசையை வைத்தே பொருத்தம் பார்க்க வேண்டும்.

வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்போருக்கு இன்னொரு கவலையும் உண்டு. அதன் சொந்த மின்னெதிர்ப்பு பெரும்பாலும் கூடுதலாக இருப்பதால், ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு ஏறுமிடத்தில் ஒலி தூக்கலாகவும் இறங்குமிடத்தில் அமுங்கியும் கேட்கும். எனவே மின்னெதிர்ப்பு பெரிதும் ஏறியிறங்காத ஸ்பீக்கரே அவர்களுக்கு ஏற்றது. பின்புறத்தில் 4, 8 எனத் தனித்தனி முனைகள் இருந்தால் உரியதில் மாட்ட வேண்டும்.

மின்னெதிர்ப்பை 'உணர்திறன்' என்பதோடு குழப்பக் கூடாது. அது ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கும் என்பதைச் சொல்வது. உணர்திறன் 3 டெசிபல் குறைந்தால் அதே அளவு ஒலிக்கு இருமடங்கு வாட் தேவைப்படும். கடைக்காரரிடம் உணர்திறனையும், மின்னெதிர்ப்பு எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு தாழ்கிறது என்பதையும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.