வைட்டமின் குறைந்தால் எது முதலில் பழுதாகும்?

1740களில் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய பிரிட்டிஷ் கடற்படைப் பயணத்தின் குறிப்புகளில் நம்புவதற்குக் கடினமான ஒரு செய்தி இருக்கிறது. சென்சூரியன் கப்பலில் இருந்த வயதான படைவீரர் ஒருவர் 1690இல் நடந்த பாய்ன் போரில் காயம்பட்டவர். அந்தக் காயம் ஆறி ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கப்பலில் அவருக்கு, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்டதும், ஒருநாளும் ஆறாதது போல அது பிளந்துகொண்டது. எப்போதோ முறிந்து கூடியிருந்த எலும்பும் விட்டுப்போனது.

தழும்பு என்பது ஒருமுறை ஒட்டி முடித்த வேலை என்று நினைத்தால் இது புரியாது. உடல் தன் தசைநார்களையும் தழும்புகளையும் ஓயாமல் கொஞ்சம் கரைக்கிறது, ஓயாமல் கொஞ்சம் புதுப்பிக்கிறது. ஸ்கர்வியில் கரைப்பது வழக்கம்போல நடக்கும். புதுப்பிப்பது மட்டும் நின்றுபோகும்.

புதுப்பிக்கும் பொருள் கொலாஜன். மூன்று புரதச் சங்கிலிகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டு நிற்பதுதான் அதன் வலிமை. அந்த முறுக்கு உடல் வெப்பத்தில் பிரியாமல் இருக்க, சங்கிலியில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு முடிச்சைப் போட வேண்டும். அதைப் போடுகிற நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. வேலையின் இடையே அந்த இரும்பு அவ்வப்போது ஓர் எலக்ட்ரானை இழந்து முடங்கிவிடும். அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து மீண்டும் வேலைக்கு அனுப்புவது வைட்டமின் சி. அவ்வளவுதான் அதன் பங்கு. அது இல்லாவிட்டால் நொதிகள் ஒவ்வொன்றாக முடங்கும், முடிச்சு விழாது, முறுக்கு நிற்காது. ஈறு, மெல்லிய இரத்தக் குழாய்கள் என்று கொலாஜன் சீக்கிரம் மாறும் இடங்கள் முதலில் பழுதாகும். பல் ஆடுவதும், மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகளாக இரத்தம் கசிவதும் இதனால்தான்.

'சத்துக் குறைவு' என்று பொதுவாகச் சொல்லும்போது உடல் முழுக்க மெல்லத் தேய்வது போன்ற ஒரு படம் மனதில் வருகிறது. நடப்பது வேறு. ஒரு வைட்டமின் போனால் குறிப்பிட்ட சில வேதிவினைகள் நிற்கும். அந்த வினையை எந்த உறுப்பு அதிகம் நம்பியிருக்கிறதோ, அங்கேதான் நோய் தலைகாட்டும். ஒவ்வொரு குறைபாட்டு நோய்க்கும் தனித்தனி முகம் இருப்பது இதனாலேயே.

1939இல் ஜான் கிராண்டன் என்ற பாஸ்டன் அறுவை மருத்துவர் தன் உடலிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். வைட்டமின் சி இல்லாத உணவை மாதக்கணக்கில் சாப்பிட்டார். மூன்றாவது மாதம் அவர் முதுகில் ஒரு வெட்டுக்காயம் போட்டார்கள். இரத்தப் பிளாஸ்மாவில் வைட்டமின் சி தென்படவே இல்லை. ஆனாலும் காயம் ஒழுங்காக ஆறியது. ஆறாவது மாதம் போட்ட காயம் உள்ளே சேரவே இல்லை. வைட்டமின் சி ஊசி போட்ட பிறகு அதுவும் ஆறியது. (இன்றைய ஆய்வு நெறிக்குழு எதுவும் இதற்கு அனுமதி தந்திருக்காது.)

ஆரஞ்சும் எலுமிச்சையும் ஸ்கர்வியைக் குணமாக்கும் என்பதை 1747லேயே கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளை வைத்துக் காட்டிவிட்டார். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல். லிண்டே சாற்றைக் கெடாமல் வைக்கச் சூடாக்கிச் சுண்டவைக்கச் சொன்னார். அதில் வைட்டமின் பெருமளவு அழிந்துவிடும் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சியைத் தாமே செய்துகொள்ளும். அந்தத் தயாரிப்பின் கடைசிப் படிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் பழுதாகி. குரங்குகள் பலவற்றுக்கும் கினிப் பன்றிக்கும் இதே கதை.

சரி, நரம்பையும் இதயத்தையும் தாக்கும் இன்னொரு குறைபாட்டு நோயான பெரிபெரிக்கு வருவோம். 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் வளர்த்த கோழிகளுக்குத் திடீரென்று பெரிபெரி போலக் கால் துவண்டது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய, தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை அவற்றுக்குப் போட்டு வந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார், கோழிகள் தேறின. எய்க்மன் முதலில், வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றே எண்ணினார். கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒன்று உள்ளே புகுந்தால்தான் நோய் என்று பழகிய மனதுக்கு, ஒன்று இல்லாததால் நோய் என்பது எளிதில் தோன்றவில்லை. அவருக்குப் பின் அங்கே பணியாற்றிய கெரிட் கிரைன்ஸ், தவிட்டில் இருப்பது உடலுக்குத் தேவையான ஒரு பொருள் என்று 1901இல் சரியாகச் சொன்னார். அந்தப் பொருள் தயமின், அதாவது வைட்டமின் பி1.

குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகும். அது அடுத்த கட்டத்துக்குள் நுழைந்தால்தான் ஆற்றலின் பெரும்பங்கு கிடைக்கும். அந்த வாசலில் நிற்கும் நொதிக்குத் தயமின் வேண்டும். இல்லையென்றால் உணவு இருந்தும் செல் பட்டினி கிடக்கும். குளுக்கோஸையே பெரிதும் நம்பியிருக்கும் நரம்பும், ஒரு கணமும் ஓயாத இதயமும் முதலில் அடிபடும். கால் மரத்துப்போவது ஒரு வகைப் பெரிபெரி. இதயம் தளர்ந்து உடல் வீங்குவது இன்னொரு வகை. மருத்துவத்தில் இதற்கு ஒரு முக்கியமான பின்விளைவு உண்டு. நாள்பட்ட குடிப்பழக்கத்தாலோ பட்டினியாலோ தயமின் வற்றிப்போனவருக்குக் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சத் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். அதனால் அவசர சிகிச்சையில் தயமினையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

உடலில் தயமின் கையிருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான். சில வாரங்களில் தீர்ந்துவிடும். வைட்டமின் சி சில மாதங்கள் தாங்கும். வைட்டமின் ஏ கல்லீரலில் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். அது தீர்ந்தால் மங்கிய ஒளியை உணரும் விழித்திரைச் செல்களுக்கு நிறமி கிடைக்காமல் மாலைக்கண் வரும். அப்புறம் கண்ணின் வெண்படலமும் கருவிழியும் வறண்டு, கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். வைட்டமின் டி தனி ரகம்: வெயில் பட்டால் தோலே செய்துகொள்ளும், கல்லீரலும் சிறுநீரகமும் அதைத் திருத்தி ஒரு ஹார்மோனாக்கும். குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. வளரும் குழந்தையின் எலும்பு வளையும்.

சேமிப்பு என்பது ஆபத்தும்கூட. வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு. துருவக் கரடியின் கல்லீரலைத் தின்றவர்கள் தோல் உரிந்து, தலைவலியால் துடித்திருக்கிறார்கள். கூடுதலாக விழுங்கினால் கூடுதல் பலன் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் பொருந்திப்போனதில்லை. நொதிக்கு வேண்டிய துணை கிடைத்த பின் மேலே கொட்டுவது அதை வேகமாக ஓட்டாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. உடலில் வைட்டமின் ஏயாக மாறும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது.

பி12 கதை கொஞ்சம் தந்திரமானது. நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். சேமிப்போ ஆண்டுக்கணக்கில் வரும். ஆனால் அதை உறிஞ்ச, வயிறு சுரக்கும் ஒரு புரதம் துணை வேண்டும். அந்தச் சுரப்பு நின்றவருக்கு எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் சில ஆண்டுகளில் இரத்தசோகை வரும். காரணம், டிஎன்ஏ செய்யத் தேவையான ஃபோலிக் அமிலத்தைப் பயன்படும் வடிவத்துக்கு மீட்பது பி12. அது இல்லாமல் எலும்பு மஜ்ஜைச் செல்கள் பிரிய முடியாமல் பெரிதாகிக்கொண்டே போகும். இந்த நிலையில் ஃபோலிக் அமில மாத்திரையை நிறையக் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். பரிசோதனை முடிவு நன்றாக இருக்கும். நரம்புச் சிதைவு மட்டும் உள்ளே தொடரும், ஏனென்றால் நரம்புக்கு வேண்டியது பி12. கை கால் மரத்துப்போகிற இரத்தசோகையில் பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அதற்காக ஃபோலிக் அமிலத்தை ஒதுக்கவும் முடியாது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடும். கர்ப்பம் என்றே பலருக்கு அப்போது தெரிந்திருக்காது. ஆகவே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையை, குழந்தைக்குத் திட்டமிடும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.