கார்ன் ஸ்னோ: சோளப்பனி அல்ல, மணிப்பனி

வசந்தகாலத்தில் பனிச்சறுக்குத் தளங்களின் அறிவிப்புகளில் 'கார்ன் ஸ்னோ' என்ற சொல் அடிக்கடி வரும். உருகி உறைந்து பரல் பரலாகிவிட்ட பனியின் பெயர் அது. கார்ன் என்றதும் நமக்கு மக்காச்சோளம்தான் நினைவுக்கு வரும். 'சோளப்பனி' என்று எழுதக் கை போகும். அது பிழை.

பழைய ஆங்கிலத்தில் கார்ன் என்பது எந்தத் தானியத்தின் மணிக்கும் பொதுப்பெயர். எங்கே எது மிகுதியாக விளைந்ததோ அங்கே அதற்கு அந்தப் பெயர் நிலைத்தது: இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், அமெரிக்காவில் மக்காச்சோளம். 'கார்ன்ட் பீஃப்' என்ற இறைச்சியில் சோளம் கிடையாது. பரல் பரலான உப்பிட்டுப் பதப்படுத்தியதால் அந்தப் பெயர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பைச் சொல்லும் 'கெர்னல்' இதே சொல்லின் சிறுமை வடிவம். (சறுக்குக் காலணி அழுத்திக் காலில் வரும் ஆணிக்கும் ஆங்கிலத்தில் கார்ன் என்றே பெயர். அது கொம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இதற்கு உறவில்லை.)

ஜப்பானியர் இதே பனியை 'ஜராமே யுகி' என்பார்கள். ஜராமே என்றால் பரும்படியான சர்க்கரை. தானியமோ சர்க்கரையோ, பார்த்தவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்: உருண்ட, தனித்தனியான பரல்.

அந்தப் பரல் வானத்திலிருந்து அப்படியே விழுவதில்லை. விழுந்து கிடக்கும் பனி பகலில் வெயில்பட்டு ஓரளவு உருகும். நீர் துகள்களுக்கு இடையே இறங்கும். இரவில் திரும்ப உறையும். ஈரப்பனியில் சிறிய துகள்கள் முதலில் கரைகின்றன, அந்த நீர் பெரிய துகள்கள் மேல் உறைந்து அவற்றை மேலும் பெரிதாக்குகிறது. இப்படிப் பல நாள் உருகி உறைந்தால் சில மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டைகள் கொத்துக்கொத்தாக ஒட்டி நிற்கும். காலையில் அந்தக் கொத்துகள் ஒன்றோடொன்று இறுகிக் கல்போல் கிடக்கும். வெயில் ஏறியதும் மேல் சில சென்டிமீட்டர் மட்டும் இளகும், அடி கெட்டியாகவே இருக்கும். சறுக்குபவர்கள் காத்திருப்பது அந்த இடைவேளைக்குத்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குருணைப் பனி' என்று சொல்லத் தோன்றும். ஆனால் குருணை உடைந்த அரிசி. உடைந்ததற்கு முனை இருக்கும். இது வளர்ந்து உருண்டது. நெல்மணி, கோதுமைமணி என்று சொல்லும் வழக்கிலேயே 'மணிப்பனி' என்றால் வடிவமும் பொருந்தும், கார்னின் மூலப்பொருளும் கெடாது. 'பின்பனி' வேண்டாம். அது மாசி, பங்குனிப் பருவத்தின் பெயர். அங்கே பனி என்பது பின்னிரவில் இறங்கும் பனித்துளி. ஜெர்மன் 'ஃபிர்ன்' என்பதற்கும் 'மணிப்பனி' என்றே போட்டுவிடக் கூடாது. அதன் வேர்ப்பொருள் 'போன ஆண்டின்' என்பது. ஜெர்மன் பேசும் சறுக்காளர்கள் மணிப்பனியையும் ஃபிர்ன் என்பார்கள்தான். ஆனால் பனியாற்று ஆய்வாளர்களுக்கு அது ஒரு கோடையைத் தாண்டியும் உருகாமல் கிடந்து, இன்னும் பனிக்கட்டியாக இறுகாத பனி. அதற்குப் 'பழம்பனி' என்பதே சரி.

பெயர் ஒருபுறம் இருக்கட்டும், மணிப்பனி கிடைக்குமா என்பதை முந்தைய இரவே முடிவு செய்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் பனிப்பரப்பு தன் வெப்பத்தை மேலே இழந்து, காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தால்கூட உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் உறையாது. மறுநாள் காலையிலேயே சேறுபோன்ற ஈரப்பனிதான் மிஞ்சும். வட அரைக்கோளத்தில் கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. வெயிலின் பின்னாலேயே சரிவை மாற்றிக்கொண்டு போக வேண்டும். சீக்கிரம் இறங்கினால் விளிம்பு பனியில் பிடிக்காமல் சறுக்குப் பலகை கடகடக்கும். கைத்தடியின் முனை மேலே மட்டும் இறங்கி அடியில் கெட்டியாக முட்டினால் வேளை சரி. பலகையைக் கழற்றி நின்றால் காலணி கணுக்கால்வரை புதைகிறதா, அந்தச் சரிவு அன்றைக்கு முடிந்தது. பனி உருண்டைகள் தாமாகச் சரிவில் சுருண்டு ஓடத் தொடங்கினால் ஈரப்பனிச்சரிவு வரக்கூடும். செங்குத்தான இடங்களையும் அவற்றின் அடிவாரத்தையும் விட்டு உடனே விலக வேண்டும்.

வசந்தத்தில் புதிதாக விழும் பனியை மணிப்பனியோடு குழப்புவோர் பலர். இரண்டும் நேர் எதிர். புதுப்பனியில் இன்னும் கிளைவிட்ட படிகங்களே இருக்கும். அது மணியாக மாற, உருகி உறையும் சுற்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலை ஏழு மணிக்குத் தூள்போல இருக்கும், வெயில் பட்ட சில மணி நேரத்தில் கனத்துப் பிசைந்த உருளைக்கிழங்குபோல ஆகிவிடும் (ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே அதுதான்). அப்படிப்பட்ட நாளில் மணிப்பனிக்கான விதி தலைகீழ்: மலைமேல் ஏற்றிச்செல்லும் முதல் லிஃப்டிலேயே ஏறி, நிழல் விழும் வடக்குச் சரிவுகளைத் தேட வேண்டும்.

அந்தப் புதுப்பனியில் சறுக்குபவர்கள் அதிகம் தடுமாறி விழுவது நிழலும் வெயிலும் சந்திக்கும் கோட்டில். நிழலில் உலர்ந்த பனியில் வேகமாக வந்த பலகை, ஈரப்பனியில் ஏறியதும் பிடித்து இழுத்ததுபோல நிற்கும். உடல் மட்டும் முன்னே போகும். பலகையின் அடிப்பரப்புக்கும் பனிக்கும் நடுவே நீர்ப்படலம் மிகுந்து உறிஞ்சிப் பிடிப்பதே காரணம். கோடு வருமுன் ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, எடையைப் பாதத்தின் நடுவில் நிறுத்தினால் தாங்கலாம். பலகையின் அடியில் பூசும், வெப்பநிலைக்கு ஏற்ற மென்மையான மெழுகும், நீர் வழிந்தோட அடிப்பரப்பில் பருமனான வரிகளும் பெரிய அளவில் உதவும். முன்பு இந்த ஈரத்துக்கு ஃபுளோரின் மெழுகைத்தான் நம்பினார்கள். பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் போட்டிகளில் 2023-24 பருவத்திலிருந்து அதற்குத் தடை.