700 கிலோ காரும் வன்னிக் கிணற்றுத் தண்ணீரும்

சுசுகி அல்டோ 800 காரின் எடை சுமார் 700 கிலோ. அதன் நல்ல குணங்களில் பெரும்பாலானவை இந்த ஓர் எண்ணிலிருந்தே பிறக்கின்றன. எடை குறைவு என்பதால் 796 சிசி என்ஜின் போதும், ஒடுங்கிய 12 அங்குல ரயர் போதும், சிறிய பிரேக்கும் கிளச்சும் போதும். பெற்றோலும் உதிரிப்பாகமும் கையைக் கடிக்காததற்குக் காரணம் இதுதான். ஆனால் பெரியவர்கள் ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ கூடிவிடும். அப்போது மேல் கியரிலேயே வருத்தி இழுக்கக் கூடாது. நிமிடத்துக்கு 3500 சுற்றில்தான் இந்த என்ஜின் முழு இழுவையைத் தருகிறது. தயங்காமல் கீழ் கியருக்கு மாற்றுங்கள்.

கார் நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது வரும் மெல்லிய நடுக்கம் கோளாறு அல்ல. மூன்று சிலிண்டர் என்ஜினில் அதன் தண்டு 240 பாகை சுழலும்போது ஒருமுறைதான் எரிப்பு நடக்கும். ஓர் எரிப்பின் உந்துதல் 180 பாகைக்குள் முடிந்துவிடும். இடையில் வரும் வெறுமையைப் பிளைவீல் என்ற கனத்த சக்கரம் சுழன்று கடத்துகிறது. நடுக்கம் திடீரென்று கூடினால் முதலில் சிலிண்டருக்கு ஒன்றாகப் பொறி தரும் பிளக்குகளைப் பாருங்கள். ஒன்று செத்தாலும் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும்.

கிறவல் வீதிப் புழுதிக்கு எயார் பில்டர்தான் காவல். 3000 சுற்றில் முழுதாக மிதித்தால் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1000 லீற்றர் காற்றை இழுக்கும். அதோடு வரும் நுண்மணல் சிலிண்டர் சுவரையும் பிஸ்ரன் றிங்கையும் அரித்துவிடும். கையேடு சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே பில்டரை மாற்றுவது நல்லது. பில்டர் பெட்டியில், பில்டரைத் தாண்டி என்ஜின் பக்கத்தில் புழுதி தெரிந்தால் பில்டர் சரியாகப் பொருந்தவில்லை.

இந்தக் காரை உண்மையில் கொல்வது தண்ணீர். வவுனியாப் பக்கக் கிணற்று நீரில் கல்சியம் அதிகம். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு, சூடேறும்போது றேடியேற்றர்க் குழாய்களுக்குள்ளும் படியும். ஒருமுறை நிரப்பிய நீரில் இருப்பது கொஞ்சம்தான். சிறிய கசிவைத் திருத்தாமல் நாள்தோறும் போத்தலால் ஊற்றுவதே கேடு, ஒவ்வொரு போத்தலோடும் புதிய கல்சியம் போகிறது. குழாய் ஒடுங்கினாலும் ஏ9 வீதியில் எதிர்க்காற்று காப்பாற்றிவிடும். ஒட்டுசுட்டான் பக்க உள்வீதிகளில் ஓகஸ்ட் வெயிலில் ஊர்ந்து போகும்போது மின்விசிறி மட்டும்தான் துணை. சூடு அங்கேதான் ஏறும். அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கஸ்கற் போகும். தண்ணீர் கலந்து ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறினால் அந்த நிலை வந்துவிட்டது.

கூலன்ரையும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவில் கலந்து ஊற்றுங்கள். அவசரத்துக்குச் சுத்தமாகப் பிடித்த மழைநீர் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல். றேடியேற்றர் மூடியின் றப்பர் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்குவதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 115 பாகைக்கு மேலும் தாங்கும்.

சூட்டு விளக்கு எரிந்தால் ஏசியை நிறுத்தி, நிழலில் ஒதுக்கி, என்ஜினை அணையுங்கள். மூடியில் கை வைக்க வேண்டாம்: அழுத்தம் விட்ட கணமே உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த துணியால் மூடியைப் பிடித்து மெல்லத் திறந்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.